பசியாறாமல் வரவும்

பீடோங் பாலாய் ராயா, காலை ஏழே கால்.
"பசியாறிட்டீங்களா?" என்பது இங்கே வணக்கம்.
இன்று மட்டும் அது என் முதல் சோதனை.
"இல்ல மிசி, ராத்திரி எட்டு மணிக்குக் கஞ்சி,
அதோட சரி" என்கிறார் காத்தாயி.
மேலுதட்டில் மைலோவின் பழுப்பு.
பட்டினி: ஆம், இல்லை.
பேனா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

தரையில் மஞ்சள் டேப், நான்கு மீட்டர்.
"எப்பவும் நடக்கிற மாதிரி நடங்க."
சேலையைச் செருகிக்கொண்டு
மண்டோர் பார்ப்பதுபோல் நடக்கிறார்.
அப்படியும் ஏழு விநாடி.
கைப்பிடிக் கருவி பதினொரு கிலோ காட்டுகிறது.
"கெட்டுப் போச்சா இது?"
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
பதினெட்டு லிட்டர் மருந்துப் பம்போடு
இருபத்தாறு வருஷம் செம்பனைக்குள் நடந்தவர்.
கருவிமேல்தான் சந்தேகம் வரும்.

நரம்பைத் தட்டித் தேடுகிறேன்.
இடது கையில் ஒன்று, தொட்டால் நழுவுகிறது.
ஊதா மூடிக் குழாய் ஒன்று, மஞ்சள் மூடி இரண்டு.
பாரம் தாளாத இதயம் கசியவிடும் புரதம்,
எங்கோ கனலும் அழற்சியின் அடையாளம்,
தசை கரைவதைக் காட்டுமோ என்று
இன்னும் யாரும் அடித்துச் சொல்லாத ஏதோ ஒன்று,
எல்லாம் இந்த மூன்று கரண்டிச் சிவப்பில்.
பெயர் ஒட்டக்கூடாது.
கே நூற்றுப் பதினேழு.

"முடிவு எப்ப வரும்?"
வராது. இது ஆய்வு.
நானூறு பேர். மூன்று வருஷம்.
யார் விழுந்தார், யாருக்கு நெஞ்சுவலி,
எந்த ரத்தம் முன்னாலேயே சொன்னது என்று பார்ப்பார்கள்.
படிவத்தின் ஏழாம் பத்தியில் இருக்கிறது,
நானே இரண்டு தடவை படித்த தமிழில்.
"அப்ப எனக்கு இல்ல?"
"உங்களுக்கு இல்ல."
பஞ்சை அழுத்தியபடி யோசித்தவர்
மறு கையை நீட்டினார்.
"போதுமா பாரு. இதுலயும் இருக்கு."

பதினான்காம் மாதம் தொலைபேசியில் மருமகன்:
"அத்தை தவறிட்டாங்க, தீபாவளிக்கு முந்தின வாரம்.
குளியலறையில."
கட்டத்தில் குறியிட்டேன், தேதி எழுதினேன்.
அலோர் ஸ்டாரில், பூஜ்யத்துக்குக் கீழே எண்பதில்,
கே நூற்றுப் பதினேழுக்கு இன்னும் எழுபத்து நான்கு வயது.
அதில் கொஞ்சம் சர்க்கரை கூடுதலாக இருக்கும்.
காரணம் யாருக்கும் தெரியாது.
பட்டினி என்ற இடத்தில்
ஆம் என்று போட்டது நான்.