திறப்பு

ஏழாம் இலக்கக் கராஜுக்குள் கடெட் நிற்கிறது,
மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.
தொண்ணூறாம் ஆண்டுக் கார்.
அதன் நெஞ்சுக்குள் இடுப்புவரை இறங்கியிருக்கிறாள் கனகேஸ்வரி.
என் வேலை டோர்ச் பிடிப்பது.
அதுவும் ஒழுங்காக இல்லை என்று
உள்ளிருந்து குரல் வருகிறது.

பழைய எஞ்சினைப் போன சனிக்கிழமை கழற்றினோம்.
வாடகைக் கிரேனின் சங்கிலியில்
அது மெல்லத் திரும்பித் திரும்பி
கராஜ் கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது,
மறுபடி கதவைப் பார்த்தது.
இவ்வளவு சின்னதா என்றேன்.
"உம்மட வயசிலயும் ஒருநாள் கழற்றிப் பாப்பம்" என்றாள்.

புதியது, புதியதல்ல.
டோர்ட்முண்ட் உடைசல் முற்றத்தில்
பின்பக்கம் நசுங்கிக் கிடந்த வெக்ட்ராவிலிருந்து வந்தது.
இரண்டு லீற்றர், பதினாறு வால்வு,
கூடவே கணினிப் பெட்டியும்
தலைமயிர்ச் சிக்குப் போல ஒரு வயர்க்கட்டும்.
லிஃப்ட் கம்பனியில் வேலை செய்கிறவள்.
வயர்ப் படத்தைச் சாதகக் கட்டம்போல் விரித்துவைத்து
எந்த வீட்டில் எது நிற்கிறதென்று விரலால் போனாள்.
ஒவ்வொரு வயருக்கும் கடதாசி நாடா ஒட்டி
நீலப் பேனையால் பெயர் வைத்தாள்:
பங்கா. பெற்றோல் பம்ப். சூட்டுமானி.
தெரியாது 1. தெரியாது 2.

காஸ்ட்ரொப்-ரவுக்சலில் ஞாயிற்றுக்கிழமை
சுத்தியல் கூடாது.
ஸ்பனரைத் துணியில் சுற்றிச் சுற்றி
கள்ளர்போல் நட்டு முறுக்கினோம்.
மூன்றாம் மாடி ஹெர் ஒல்ஷேவ்ஸ்கி
குடையோடு இறங்கி வந்தார்.
முறையிடத்தான் வருகிறார் என்று நான் சிரிப்பைத் தயாராக்கினேன்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
"பிரேக்" என்றார். போய்விட்டார்.
சரிதான். ஓடுகிற வேகத்துக்கு நிற்கத் தெரியவேண்டும்.
அந்த மாதச் சம்பளத்தில் பாதி பிரேக்குக்குப் போனது.

நவம்பர் இரவு, முதல்முறை.
சுழன்றது.
பற்றியது.
ஒரு மூச்சு.
நின்றது.
ஒன்பது தரம் அப்படியே.
பெற்றோல் வரவில்லையோ என்றேன்.
"அதெல்லாம் வருது.
எங்களைத்தான் அதுக்கு அடையாளம் தெரியேல்ல."

வெக்ட்ராவின் திறப்புத் தலைக்குள்
அரிசி மணியளவு ஒரு சில்லு இருக்குமாம்.
அது பக்கத்தில் இல்லாவிட்டால்
கணினிப் பெட்டி எஞ்சினை நிறுத்திவிடுமாம்.
பார், இறங்கிவந்து இத்தனை நாளாகியும்
பழைய வீட்டுத் திறப்பைக் கேட்கிறது என்று தொடங்கினேன்,
எங்கள் சனத்தைப் பற்றி ஒரு வரி
நாக்கின் நுனிவரை வந்திருந்தது.
"கவிதை வேண்டாம். டோர்ச்சைப் பிடியும்."

உடைசல் முற்றத்தில் ஒரு வாளி.
வாளி நிறையத் திறப்பும் மழைத்தண்ணீரும்.
தேடுங்கோ என்று கைகாட்டிவிட்டு
முதலாளி பாண் கடித்துக்கொண்டிருந்தான்.
கை விறைக்க விறைக்கப் பொறுக்கிய
பதினான்கு ஓப்பல் திறப்புகளோடு வீடு வந்தோம்.
ஒவ்வொன்றாக வளையத்தில் வைத்துப் பிடித்தேன்.
அவள் ஸ்டார்ட் பண்ணினாள்.
பதினோராவதில்
ஒரு மூச்சு,
இன்னொரு மூச்சு,
பிறகு நிற்கவேயில்லை.
முற்றம் முழுக்கப் புகை. மேலே யாரோ ஜன்னல் சாத்தினார்கள்.
கனகேஸ்வரி ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்தாள்.
அழுகிறாளா என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
"கண்ணுக்க அடிக்காதையும்."

அந்தத் திறப்பில் ரெனாட்ட என்று
பிளாஸ்ரிக் எழுத்துகள் கோத்திருந்தன,
கூடவே கடைத் தள்ளுவண்டிக்குப் போடும் மஞ்சள் வில்லை.
தலையை மட்டும் வெட்டி
ஸ்ரியறிங் தண்டின் பின்னால் கறுப்பு நாடாவால் கட்டினாள்.
நாங்கள் திருப்புவது கடெட்டின் திறப்பை.
எஞ்சின் கேட்பது அவளுடையதை.

பரிசோதனைக்காரன் அடியில் படுத்தான், தட்டினான்,
பிரேக்கைப் பார்த்துத் தலையாட்டினான்.
நீல எழுத்தில் விரலை வைத்து
இது என்ன என்றான்.
"தெரியாது, இரண்டு" என்று டொச்சில் சொன்னாள்.
அவன் சிரிக்கவில்லை. முத்திரை குத்தினான்.

ரெனாட்ட எங்கே இருக்கிறாளோ.
அவளுடைய வில்லையைப் போட்டுத்தான்
சனிக்கிழமைகளில் வண்டி எடுக்கிறேன்.

தெரியாது 2 இல்
பன்னிரண்டு வோல்ற் ஓடுகிறது.
எங்கே போகிறதென்று இன்னும் பார்க்கவில்லை.