காரணம் என்ற கட்டம்

பதினோராம் மாடியில் கழிவுக்குழாய் அடைத்த அன்று
எனக்கும் அடைத்து ஐந்து நாள்.
யாரிடமும் சொல்லவில்லை.
கம்பிச்சுருளைத் தோளில் மாட்டி லிஃப்டில் ஏறினேன்.
வயிறு எனக்கு முன்னே நின்றது
புகார் கொடுக்க வந்த ஆள் மாதிரி.

சோற்றை விட்டு ஏழு வாரம்.
சர்க்கரை இறங்கியது.
பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை.
ஜெலுத்தோங் மாமாக் கடையில்
ரொட்டி விசிறுகிற கல்லுக்கு
முதுகு காட்டி உட்காரவும் பழகிவிட்டேன்.
"கோப்பி ஓ கோசோங்."
கோசோங் என்றால் காலி.
காலையில் காலி, மதியம் முட்டை,
இரவில் கோழி, கோழி, மறுபடி கோழி.
சோறு போனால் எல்லாம் லேசாகப் போய்விடும் என்று நினைத்தேன்.
போகவில்லை.

குழாயிலிருந்து வந்தது
வெள்ளையாய் உறைந்த கொழுப்பு, ஒரு முழம்.
இந்த வீட்டிலும் யாரோ
அரிசியை நிறுத்தியிருக்கிறார்கள்.

மருந்துக்கடை மிஸ் கோர் மலாயில் கேட்டார்:
"உள்ளே இருக்கிறவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?"
"எவர்களுக்கு?"
குப்பியை மேசையில் வைத்தார்.
எழுபத்தெட்டு வெள்ளி.
ஒரு மாத்திரைக்கு ஆயிரம் கோடி உயிர் என்று போட்டிருந்தது.
"இதுமட்டும் போதாது," என்றார்,
"வந்தவர்களும் சாப்பிட வேண்டும். கீரை, வெண்டை, ஏதாவது."

எங்கள் கட்டடத்தில் முந்நூற்று நாற்பது வீடு.
நாற்பத்தொரு பேர் பராமரிப்புப் பணம் கட்டுவதில்லை.
அவர்களுக்குக்கூட
தண்ணீரை நிறுத்த ஏழு நாள் முன்னால்
நோட்டீஸ் ஒட்டுகிறவன் நான்.
எனக்குள் இத்தனை கோடிப் பேரை வைத்துக்கொண்டு
சோற்றோடு கீரையையும் அவரையையும் மறந்து
ஒரு சீட்டுக்கூட ஒட்டாமல்
மொத்தக் குழாயையும் மூடியிருக்கிறேன்.

தவமலர் குப்பியைத் திருப்பிப் பார்த்தாள்.
"எழுபத்தெட்டு வெள்ளிக்கு
எத்தனை சட்டி தயிர் உறைக்கலாம், தெரியுமா?"
தெரியாது.
குளிர்பெட்டியில் அது இட்லி மாவுக்குப் பக்கத்தில் நின்றது.
மாவு இரவெல்லாம் பொங்கி
மூடியை முட்டியபடி இருந்தது.
அங்கேயும் நெரிசல்தான்,
எனக்கு மட்டும் அனுமதி இல்லாத கட்டடம்.

முதல் வாரம் மோசம்.
லிஃப்டில் எட்டாம் மாடி டத்தோவும் நானும்
எண் பலகையையே பார்த்தபடி இறங்கினோம்.
இரண்டு பேருக்கும் தெரியும்.
அவர் கனவான், ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் சந்தையில் கங்கோங் கட்டுகள்,
காக் ரொஹாயாவிடம் வாழையிலையில் மடித்த தெம்பே,
சீனி போடாத தயிர்,
படியில் நான்கு மாடி நடை, நிறையத் தண்ணீர்.

ஒரு செவ்வாய், விடியாத ஐந்தே காலுக்கு,
பாலத்துப் பக்கம் லாரிகள் இரைய ஆரம்பித்த நேரம்,
சத்தமில்லாமல்
எல்லாம் வழிக்கு வந்தது.

மாத்திரையா, கங்கோங்கா, தயிரா, தண்ணீரா?
தவமலர் தயிர் என்கிறாள்.
மிஸ் கோர் சிரிக்கிறார்.

அலுவலகப் பதிவேட்டில்
பதினோராம் மாடிக்கு நேரே எழுதினேன்:
புகார், அடைப்பு. நிலை, தீர்ந்தது.
'காரணம்' என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது.
கோசோங்காகவே விட்டுவிட்டு
காலைக் கோப்பிக்குப் போனேன்.