உத்தேச வயது

மஸ்கெலியா, நடமாடும் சேவை, பாடசாலை மண்டபம்.
வைத்தியர் மாத்தறைப் பையன், முதல் நியமனம்.
இடப்பக்கம் நான், மொழிபெயர்ப்பாளர்,
ஈரக்குடையைக் காலிடுக்கில் வைத்தபடி.

பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு
ஒரு வயதை எழுதித் தரவேண்டும்.
பல்லைப் பார்க்கலாம், மணிக்கட்டைப் பார்க்கலாம்.
வரிசை வாசல் தாண்டிவிட்டால்
முகம் மட்டும்தான்.

அவர் மனசில் எந்த முகங்கள் என்று
எனக்குத் தெரியும்:
அம்மா, பெரியம்மா, வங்கியில் வேலைசெய்யும் அத்தை.
அந்தக் கோலை வைத்துத்தான்
இந்த முகங்களை அளக்கிறார்.
குற்றமாய்ச் சொல்லவில்லை.
வந்த புதிதில் நானும்
ஆளுக்குப் பத்து வருஷம் கூட்டினேன்.

பதினேழாம் இலக்கத்துக்கு இரண்டு பேர் எழுந்தார்கள்.
செவனம்மா நெற்றியில்
கூடைக்கயிறு இழுத்த பள்ளம்;
வெயிலுக்குச் சுருக்கிய கண்
நிழலிலும் விரியவில்லை.
இராக்கு இருபது வருஷம்
பம்பலப்பிட்டியில், யாரோ வீட்டுச் சமையலறையில்.

"அம்மாவும் மகளுமா?" என்றார் சிங்களத்தில்.
"என்ன உறவு?" என்று மட்டும் கேட்டேன் தமிழில்.

"கூடப் பொறந்தவங்க சார். நான் மூத்தவ.
புள்ளக்காம்பராவுல இவ அழுதா
என் இடுப்புலதான் கெடப்பா"
என்றாள் இராக்கு.

நான் திரும்புவதற்குள் எழுதி முடித்திருந்தார்:
செவனம்மா ஐம்பத்தாறு,
இராக்கு நாற்பத்துநாலு.
முத்திரையில் மை இன்னும் காயவில்லை.

"பிழை இருக்கு, மாத்தச் சொல்லவா?"

செவனம்மா யோசித்தாள்.
"அம்பத்தாறுன்னா சேமலாபக் காசு
இப்பவே எடுக்கலாமா சார்?"
எடுக்கலாம்.
"அப்ப கெடக்கட்டும்."

இராக்குவுக்கு எடுக்க எந்த நிதியும் இல்லை.
தன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு தங்கையின் முழங்கையைப் பிடித்து,
"பாத்து எறங்குக்கா, படி வழுக்கும்" என்றாள்.

இரண்டு பேரும் வாசலில் நின்று சிரித்தார்கள்,
ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு,
ஒருத்தி பொத்தாமல்.

"என்ன சிரிப்பு?" என்றார் வைத்தியர்.
"மழை விடாதாம்" என்றேன்.

தலையாட்டினார். பேனாவை மூடித் திறந்தார்.
என்னை நன்றாகப் பார்த்தார், அன்பாகவே.
"சேருக்குப் பென்ஷனுக்கு
இன்னும் எத்தனை மாசம்?"

"பதினெட்டு வருஷம்" என்றேன்,
தமிழில், சற்றுச் சத்தமாக.

வரிசையில் ஒருவர்
துண்டுச்சீட்டோடு எழுந்து வந்தார்.