டொக்

எண்பத்தொன்பதில் முந்நூறு கசெற் அடித்தோம்.
"பறியும் பாட்டும்" என்று பெயர்.
மட்டையில் படம் இல்லை, பச்சை மைதான் மலிவு.
பாடினவை இரண்டு பேர்:
பாசையூர் மெற்றில்டா, ஐஸ் பக்டரியில் கணக்கு எழுதுகிறவ.
கொழும்புத்துறை இராசநாயகி, சட்டை தைக்கிறவ.
ஒரு கஞ்சிரா, ஒரு மாப்பேணி,
ஜெனரேற்றர் சத்தத்துக்குப் பயந்து
யன்னலில் நான் தொங்கவிட்ட மெத்தை.

நாற்பத்தொன்று விற்றது.
அதில் பதினேழு மெற்றில்டாவே வாங்கினது.

பிறகு தடை வந்தது.
பற்றறி இல்லை, சவர்க்காரம் இல்லை,
வெறுங் கசெற் கண்ணில் காட்டவும் இல்லை.
கலியாண வீட்டுக்காரர் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள்,
சினிமாப் பாட்டுக் கேட்டு.
அலுமாரிக்குள் இருநூற்றைம்பத்தொன்பது கிடந்தது.
அழியக்கூடாதென்று மூலையில் நானே உடைத்த பல்லை
நானே செலோரேப் ஒட்டி மூடினேன்.
கை நடுங்கியது என்றால் பொய்.
அரிசி விற்ற விலைக்குக் கை நடுங்காது.

சினிமாப் பாட்டு முடியும். ரேப் கொஞ்சம் மிஞ்சும்.
ஒரு டொக், நான் பொத்தானை விட்ட சத்தம்.
அதுக்குப் பின்னால், அழியாமல்,
பாதி மூச்சில் அவையின்ர குரல்:

கடலுக்குக் கதவில்லை மச்சாள்
ஆரிட்டைப் போய்த் தட்டுறது

நாற்பது விநாடி. அவ்வளவுதான்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
டைனமோவுக்குப் பெடல் சுற்றிச் சுற்றி
குடாநாடு முழுக்க அதைக் கேட்டது.
சுற்றுகிறவன் களைத்தால்
மெற்றில்டாவுக்கு ஆம்பிளைக் குரல் வரும்.
இடம்பெயர்ந்தபோதும் கொண்டுபோனார்கள்,
சாவகச்சேரிக்கு, கிளாலி கடந்து அங்காலை.
ஆருடைய பாட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.
மெற்றில்டாவின் பதினேழும் வீட்டோடு போனது.

சமாதான காலத்தில் முற்றவெளியில் ஒரு மேடை.
பட்டியலில் பதினோராவது, சாப்பாட்டு நேரம்.
மூன்று பாட்டுக்கும் சனம் கச்சான் உடைத்தது.
நாலாவதில் அந்த அடி வர ஒரு மூச்சு இருக்க
அத்தனை சனமும் நாக்கால் ஒருக்கா
டொக்
என்றது. பிறகு கூடப் பாடியது.
மெற்றில்டா பயந்து கஞ்சிராவை நிற்பாட்டிவிட்டா.

அடுத்த இசைத்தட்டு ரொறன்ரோவில் அடித்தது,
பெட்டி பெட்டியாய்ப் போனது.
அழியாத முதல் கசெற் ஒன்றுக்கு
பாரிஸில் ஒருவர் ஐந்நூறு யூரோ சொல்கிறார்.
என்னிடம் இல்லை.

இராசநாயகி கடைக்கு வந்தா. இப்ப இது ரீலோட் கடை.
எல்லாவற்றையும் சொன்னேன்.
மேசையில் கிடந்த கல்குலேற்றரை இழுத்து
இருநூற்றைம்பத்தொன்பதைப் பாதி விலையால் பெருக்கினா.
கொடுத்தேன். பற்றுச்சீட்டும் எழுதித் தந்தா.
படியில் நின்று திரும்பி,
"அந்த டொக் எங்கட புதுசிலயும் இருக்கு, கேட்டனீரோ?"

கேட்டேன்.
ஸ்ரூடியோக்காரன் ஏதோ மரத்தில் தட்டிச் செய்திருக்கிறான்.
அது என்ர விரல் இல்லை.