கடைசிப் பெட்டி

கிரிம்ஸ்பி. நவம்பர். மரண விசாரணை மன்றம்.
எனக்கான வழக்கு பன்னிரண்டு மணிக்கு.
அதுவரை ஹீட்டர் பக்கத்துக் கடைசி பெஞ்சு.
யாரும் கேட்காமலே
மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது
இந்தத் தொழிலில் வரும் வியாதி.

கூண்டில் ஈனிட் ப்ளாஞ்சர்ட், அறுபத்திரண்டு வயது,
பள்ளிக்கூடத்தில் மேசை துடைப்பவள்.
இறந்தது தம்பி, வில்ஃப்.
எப்படி என்று சொல்ல முடியுமா, என்றார் அதிகாரி.
அவள் சொன்னாள்:
தன்னைச் சாவுவரை குடித்தான்.

அப்படித்தான் சொன்னாள், சொல்லுக்குச் சொல்.
எங்கள் மொழியில் இதற்கு
வினைகள் ரயில் விளையாடும்.
குடித்து, விழுந்து, எழுந்து, மறுபடி குடித்து,
ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு.
கடைசிப் பெட்டியில்தான் ஆள் இருப்பான்.
செத்தான் என்று இறங்குவான்.
இவர்களுக்கு ஒற்றை வினை போதும்.
அது தன் ஆளையே மூட்டையாகத் தூக்கிப் போய்
ஒரு கதவருகே இறக்கிவிட்டு வந்துவிடும்.
நடுவில் ஒரு குட்டிச் சொல், ஆணி அளவு.
இருபது வருஷம் அந்த ஆணியில் தொங்குகிறது.

அவள் பேசிக்கொண்டே போனாள்.
நானும் விடாமல் பின்னாலேயே.
மீன்துறையில் அவன் தன்னை எலும்புவரை உழைத்தானாம்.
ஜாய்ஸ் கதவை மூடுமாறு அறைந்துவிட்டுப் போனாளாம்.
கைக்கும் தாழ்ப்பாளுக்கும் இடையில்
மூச்சுவிட இடமே தராத பாஷை.
அதிகாரி பேனாவை மூடி, திறந்து,
கல்லீரல், என்று எழுதினார்.

பிறகு யாரும் கேட்காமல் ஈனிட் சொன்னாள்:
ஒருமுறை நான் அவனைக் கீழே பேசினேன்.

கீழே. பேசினேன்.
மூடிப்போன ஐஸ் தொழிற்சாலைக் கூரையின் விளிம்பு,
ஜனவரி, விடியாத ஐந்து மணி.
என்ன பேசினீர்கள்?
ஒன்றுமில்லை. நாயின் கால் புண். ஹேடக் மீன் விலை.
இரண்டாம் பாதியில் நம் பையன்கள் வாங்கிய மூன்று கோல்.
எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது,
அவனுக்குக் குளிரெடுத்தது,
வந்துவிட்டான்.

இங்கேதான் திணறினேன்.
பேச்சால் இறக்கினாள்? பேச்சில்? பேச்சோடு?
தமிழில் வாயாலேயே ஆளைக் கவிழ்க்கலாம்,
குடும்பத்தைக் கெடுக்கலாம், பந்தல் போடலாம்.
பனி வழுக்கும் இரும்புப் படியில்
ஒருவனை ஒவ்வொரு காலாக எடுத்துவைக்கச் செய்ய
எனக்கு வேற்றுமை உருபு அகப்படவில்லை.

அது எந்த வருஷம், என்றார் அதிகாரி.
பதினொன்று ஆகிறது.
நன்றி, மிஸ் ப்ளாஞ்சர்ட், என்று
ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
யார், எங்கே, எப்போது, எப்படி.
செத்தது எப்படி என்பதற்கு மட்டும்தான் எப்படி.

வராந்தாவில் டீ மெஷின்.
அவள் கை நடுங்கி மேசையில் கொஞ்சம் சிந்தியது.
கோட்டுக் கையாலேயே துடைத்தாள்,
தொழில்காரியின் இரண்டே வீச்சு.
சுத்தமாகும்படி துடைத்தாள் என்று
எழுத முடியாது. வளையம் அப்படியே இருந்தது.

நீங்கள் யாருக்காக வந்தீர்கள், என்றாள்.
மொழிபெயர்ப்பாளன் என்றேன்.
எந்த மொழி என்று கேட்டு,
பெயரை வாய்க்குள் உருட்டிப் பார்த்து,
அதில் வில்ஃபை எப்படிச் சொல்வீர்கள், என்றாள்.

எனக்கு அழைப்பு வந்துவிட்டது.
கோப்பை எடுத்துக்கொண்டே சொன்னேன்,
தமிழிலேயே, மெதுவாக:
குடித்து, விழுந்து, கூரையேறி,
அக்கா பேசப் பேசக் கேட்டு,
இறங்கி,
அப்புறம் பதினொரு வருஷம் இருந்து,

கடைசிப் பெட்டியைச் சேர்க்கவில்லை.
முடிந்ததா, என்று கேட்டாள்.
இல்லை என்றேன்.
அவளுக்கு அது புரிந்த மாதிரிதான் இருந்தது.