ஆரம்பக் கட்டம்

படிவத்தில் மூன்றாவது கட்டம்: பால்.
"பிளேன்டீதான் மனே, பால் வேணாம்" என்றாள் யோகாம்பிகை.
சிரித்துக்கொண்டே
'பெண்' என்பதில் புள்ளடியிட்டேன்.

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி.
மின்விசிறி தாளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.
ஐந்து சொல் வாசிப்பேன், பத்து நிமிடத்தால் திருப்பிக் கேட்பேன்:
தோணி. கண்ணாடி. கோயில். வெண்டிக்காய். சிவப்பு.

முதலில் அவள் புருசன் அழகரெத்தினம்,
நவகிரிக் குளத்தில் முப்பது வருசம் துருசு திறந்தவர்.
தோணி என்றார். சிவப்பு என்றார்.
மறுகா சுவரைப் பார்த்தார்.
சுவரில் டெங்கு சுவரொட்டி.
"நுளம்பு" என்றார்.

அவளோ
இருபத்தெட்டுப் பேருக்குக் கொப்பியில்லாமல் சீட்டுப் பிடித்தவள்.
"சிவப்புத் தோணியில கோயிலுக்குப் போனவள்
கண்ணாடி பாத்துப் பாத்து வெண்டிக்காய் வெட்டினாள்."
ஐந்துக்கு ஐந்து.
மணிக்கூடு வரையச் சொன்னதும்
பேனையை வைத்துவிட்டு என் தோட்டைப் புகழ்ந்தாள்.
பிறகு வரைந்தாள்.
பன்னிரண்டு இலக்கமும் ஒரே பக்கத்தில் நெரிபட்டன.

கூட்டிப் பார்த்தேன்.
அவருக்கு: ஆரம்பநிலை இருக்கலாம், கிளினிக்குக்கு அனுப்புக.
அவளுக்கு இருபத்தாறு: இயல்பு.

கதவடியில் அவர் குரலைத் தாழ்த்தினார்.
"எனக்கு எப்பவும் இப்பிடித்தான் பிள்ளை,
கலியாண நாளே ஞாபகம் இரிக்கிறல்ல.
இவளப் பாருங்க. இந்த மாசம் மூண்டு தரம்
பால் தீஞ்சி சட்டி கறுத்திட்டு.
கேட்டா வடிவா ஒரு கத சொல்றாள்."

இரவு, கல்லடி அறையில், கோப்பைத் திறந்தேன்.
இருநூற்றுப் பதினான்கு பேர்.
ஆண் 1, பெண் 2.
அந்த நிரலை எண்ணியதோடு சரி,
'சரிபாதி' என்று அறிக்கையில் ஒரு வரி எழுத.
வெட்டுப்புள்ளி எல்லாருக்கும் ஒன்று: இருபத்துநான்கு.

துருசுக்காரருக்கு இது தெரிந்திருக்கும்.
அணைக்கட்டின் அடியில் கசியும்.
மேலே வாய்க்கால் வந்து கொட்டும்வரை
அளவுக்கம்பத்தில் ஒரு விரலும் இறங்காது.

கோப்பை இரண்டாகப் பிரித்தேன்.
பெண்களின் கோடு மேலே போய் நின்றது.
நேற்றுவரை இயல்பாயிருந்த எட்டுப் பேர் அதன் கீழே.
பேராசிரியர் எழுதினார்:
மாதிரி சிறியது, அவசரப்படாதே.
அதுவும் உண்மை.

திங்கள் காலை எண்ணை அழுத்திவிட்டு யோசித்தேன்.
நீங்கள் பாஸ் பண்ணியதுதான் பிரச்சினை
என்று எப்படிச் சொல்வது?

எடுத்தது அவர்.
"பால் வாங்கச் சந்திக்குப் போனவள்,
ஏழு மணிக்கு. இன்னும் காணல்ல.
வையுங்க பிள்ளை, சைக்கிள எடுக்கணும்."