கூரையில் தங்கிய பனி

வால்காவில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
நூற்றுப் பத்து வயது மரவீடு.
வாங்கிய வருடத்து ஜனவரியில்
கட்டிலருகே வைத்த தண்ணீர்
டம்ளருக்குள் இன்னொரு டம்ளராய் நின்றது.
"நீ பின்கதவைச் சரியாகச் சாத்துவதில்லை"
என்றான் ஆர்வோ.

ஐந்து குளிர்காலம் அதே பேச்சு.
நான் சாத்துவேன். அவன் எழுந்துபோய்ச்
சாத்திய கதவை மறுபடி சாத்துவான்.

செவ்வாய் வருவதாகச் சொன்ன தச்சர் கால்யூ
அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தார்,
தாமதத்துக்குச் சமாதானமாய்
ஒரு வாளி உருளைக்கிழங்கோடு.
சுவரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தவர்
வடக்கு மூலையில் நின்றார்.
உளியை வைத்தார். அழுத்தக்கூட இல்லை.
ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல் போனது.
"அடிக்கட்டை போச்சு" என்றார்.
"மேலே இருப்பதெல்லாம்
பழக்கத்தில் நிற்கிறது."

நான்கு ஜாக்கி.
கால் சுற்று, நிறுத்தம். கால் சுற்று.
வீடு பதினோரு மில்லிமீட்டர் எழுந்தது.
அலமாரியில் தட்டுகள் ஒன்றையொன்று விசாரித்தன.
எந்நாளும் திறக்காத சமையலறை ஜன்னல்
யாரும் கேட்காமலே திறந்துகொண்டது.
புதுக்கட்டை உள்ளே போனது,
இடுக்கெல்லாம் சணல்நார்.
எங்கள் பணமும் அதோடு உள்ளே போனது.

ஆக, பரணை நாமே செய்வது என்றானது.
காகிதத் துகள் ஊதும் எந்திரம், ஒருநாள் வாடகை.
கீழே நான் மூட்டை மூட்டையாய்க் கொட்ட
மேலே குழாயைப் பிடித்துக் குப்புறக் கிடந்தான் அவன்.
பேசிவைத்த சைகை:
ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போடு.
அவன் தலை இரண்டுமுறை உத்தரத்தில் இடித்ததை
நான் 'போடு' என்று எடுத்துக்கொண்டேன்.
நாற்பது சென்டிமீட்டர் கணக்கு.
சில இடத்தில் இருபது.
ஓரிடத்தில் இடுப்புவரை ஆர்வோ.
இறங்கி வந்தபோது புருவமெல்லாம் நரைத்திருந்தது.
சிரித்தால் சண்டை வரும்.
சிரித்தேன். வந்தது.

அக்டோபரில் கெர்து வந்தாள், காற்றுக்கசிவு பார்க்க.
இருபத்தைந்து வயதிருக்கும். ஷூவைக் கழற்றவில்லை.
முன்வாசலில் சிவப்புத் துணி இழுத்துக் கட்டி
நடுவே விசிறி பொருத்தி
வீட்டின் மூச்சை வெளியே இழுத்தாள்.
கையில் புகைவிடும் சிறு குச்சி.

பின்கதவின் இடுக்கில் காட்டினாள்.
புகை கோடுபோட்டதுபோல் நேராக எழுந்தது.
மேலே, கீழே, கீல் பக்கம்,
எங்கேயும் அசையவில்லை.
ஆர்வோ "இன்னொரு தடவை" என்றான்.
இன்னொரு தடவையும் காட்டினாள்.

பிறகு அவனுடைய புத்தக அலமாரியை நகர்த்தச் சொன்னாள்.
அங்கே புகை
மிதிபட்ட பூனைபோல் அறைக்குள் பாய்ந்தது.
கட்டைவிரல் அகல ஓட்டை.
குடிவந்த வாரம் ஆன்டெனா வயருக்காக
அவனே துளைத்தது.
வயரை எடுத்தே நான்கு வருடமாகிறது.

கெர்து எண்ணைக் குறித்துக்கொண்டாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஜாக்கி பிடித்த தோளைவிட
அந்த நேரத்து நாக்குக்குத்தான் பலம் அதிகம் வேண்டியிருந்தது.
ஆர்வோ சீலன்ட் துப்பாக்கியை எடுத்து மண்டியிட்டான்.
அவ்வளவு சின்ன ஓட்டைக்கு
ஒரு டியூப் முழுவதையும் அழுத்தினான்.
அழுத்தி முடித்தும்
கொஞ்சநேரம் எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி. மைனஸ் ஒன்பது.
தெருவில் எல்லாக் கூரையும் உருகி
இறவாணமெங்கும் பனி ஈட்டிகள்.
எங்கள் கூரையில் மட்டும்
விழுந்த பனி விழுந்தபடி.
எதிர்வீட்டு ஹெல்யே மூன்று நாள் பார்த்துவிட்டு
நான்காம் நாள் பின்கதவைத் தட்டினாள்,
கையில் பனிவாரி.
"ஊருக்குப் போய்விட்டீர்களோ என்று நினைத்தேன்.
புகையும் அவ்வளவாகக் காணோம்.
கூரை ஆளில்லாத வீட்டுக் கூரைபோல் கிடக்கிறது."

அரைக்கைச் சட்டையோடு எழுந்துபோன ஆர்வோ
உள்ளே வாருங்கள், காபி இருக்கிறது என்றான்.
அவள் வந்தாள்.
அவன் அவள் பின்னாலேயே வந்தான்,
பரணைப் பற்றி, நாற்பது சென்டிமீட்டரைப் பற்றி
பேசிக்கொண்டே.

கதவு ஒரு விரல் அகலம்
திறந்தே இருந்தது.
பார்த்தேன்.
கோப்பைகளை எடுத்து வைத்தேன்.